தையல் பிரித்த பிறகும் தீராத தலைவலி

மூளையில் கட்டி என்று டாக்டர் சொன்னவுடன் ஒரு குடும்பம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குத் தகவல் பறக்கிறது. நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஹைதராபாத்திலேயே செய்து கொள்வதா, காட்பாடிக்கு ரயிலேறி வேலூர் போய்விடுவதா என்று இரவெல்லாம் பேச்சு நடக்கிறது. கடைசியில் ஆபரேஷன் முடிந்து, கட்டியை எடுத்தாகி விட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொல்லும்போதுதான் போன உயிர் திரும்பி வருகிறது. சில நாட்களில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நோயாளி நல்ல நிலையில் அனுப்பப்பட்டார் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அத்துடன் விஷயம் முடிந்தது என்று ஆஸ்பத்திரி நினைக்கிறது, ஆபீஸ் நினைக்கிறது, சொந்தக்காரர்களும் நினைக்கிறார்கள்.

ஒரு சிலருக்கு முடிவதில்லை. தலைவலி நின்றுவிடுகிறது. மாதக் கணக்கில் நிற்கிறது; சிலருக்கு வருடக் கணக்கிலும். கட்டி போய்விட்டது, உயிர் பிழைத்தாயிற்று, இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர்கள் திண்டாடுகிறார்கள். இந்தத் தலைவலியைக் கணக்கில் எடுத்துக் கொள்ள ஆஸ்பத்திரியிலும் இடமில்லை, வேலை செய்யும் இடத்திலும் இடமில்லை. பிழைக்க வந்த ஊரில், தினம் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள தமிழர்களுக்கு இது வெறும் உடல் உபாதை அல்ல. வேலையே போகும் விஷயம்.

2022 ஆகஸ்டில் செகந்திராபாத் காந்தி ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆபரேஷன் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 60 வயது அம்மாள் ஒருவருக்கு மூளையில் கட்டி. முழு மயக்கம் கொடுக்காமல், அவர் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அவர் கலங்காமல் இருப்பதற்காக சிரஞ்சீவி நடித்த 'அடவி தொங்க' படத்தைக் கண்ணெதிரே ஓட விட்டார்கள். கட்டியை எடுக்கும்போது பேச்சோ கை கால் அசைவோ கெட்டு விடாமல் அவ்வப்போது சோதித்துக் கொள்ளத்தான் இந்த முறை. ஏழை எளியவர்கள் போகும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது நடந்தது என்பதில் இந்த ஊர் பெருமைப்படலாம். ஆனால் இப்படி மண்டை திறக்கப்பட்டவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி வேலைக்குப் போகிறார்கள், வெயிலில் எப்படி நடக்கிறார்கள், இரவில் தூங்குகிறார்களா என்று யாரும் விசாரித்து எழுதுவது கிடையாது. அது செய்தியாவதில்லை.

வலி விஷயத்தில் ஹைதராபாத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. குளோரோபார்ம் கொடுத்து அறுப்பது ஆபத்தா இல்லையா என்று உலகமெங்கும் டாக்டர்கள் சண்டை போட்டுக் கொண்டிருந்த காலத்தில், 1888, 1889 ஆகிய வருடங்களில் இங்கேதான் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்து ஆராய்ந்தன. எட்வர்ட் லாரி என்ற வெள்ளைக்கார சர்ஜன் முன்னின்று நடத்தினார். நிஜாம் பணம் கொடுத்தார். லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற பெரிய டாக்டர் வந்து கலந்து கொண்டார். நாய்களையும் குரங்குகளையும் வைத்துச் சோதனைகள் நடந்தன. குளோரோபார்ம் நேராக இதயத்தைத் தாக்குவதில்லை என்று அவர்கள் சொன்ன முடிவு பிற்காலத்தில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அறுக்கும்போது உண்டாகும் வலிக்கு இத்தனை அக்கறை காட்டிய ஊரில், அறுத்த பிறகு தங்கிவிடும் வலிக்கு ஒரு கேள்வி கேட்கக்கூட ஆளில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

வலி எங்கிருந்து வருகிறது?

மூளைக்கு வலி தெரியாது. அதைத் தொட்டாலும் வெட்டினாலும் உணர்ச்சி கிடையாது. விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்ய முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வலி தெரிவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள இடங்களில்: தலைத்தோல், தசை, மூளையை மூடியிருக்கும் கெட்டியான உறை, பெரிய ரத்தக் குழாய்கள், தோலுக்கடியில் ஓடும் நரம்புகள். கட்டியை எட்டுவதற்கு இவையெல்லாவற்றையும் அறுத்துக் கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. கட்டி போன பிறகும், அறுத்த இடங்கள் ஆறும் விதத்தில் வலி தங்கிவிடுகிறது.

காதின் பின்பக்கமாக, பிடரியை ஒட்டித் திறந்து செய்யும் ஆபரேஷன்களில் இது அதிகம். காது நரம்பில் வளரும் கட்டிக்கு இந்த வழி பலருக்குக் கையாளப்படுகிறது. அங்கே கழுத்துத் தசைகள் கனமானவை. அவற்றைப் பிரித்துத்தான் எலும்பை எட்ட வேண்டும். எடுத்த எலும்பு திரும்ப வைக்கப்படாமல் போனால், கழுத்துத் தசை நேராக மூளை உறையோடு போய் ஒட்டிக் கொள்ளும். பிறகு கழுத்தைத் திருப்பும்போதெல்லாம், இருமும்போதெல்லாம் உறை இழுபடும். எலும்பைக் குடையும்போது விழும் தூள் உள்ளே தங்கி உறையை உறுத்துவதும் உண்டு. பிடரி நரம்பு தழும்பில் மாட்டிக் கொண்டால் பின்னந்தலையிலிருந்து உச்சி வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று இழுக்கும். எடுத்த இடத்தில் எலும்பையோ வேறு தகட்டையோ வைத்து மூடினால் இந்தத் தொந்தரவு குறைகிறது என்று கண்டு இப்போது பல சர்ஜன்கள் அப்படிச் செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பு இதைப் பற்றி டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல, கேட்கலாம்.

இது கற்பனை வலி என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். சர்வதேசத் தலைவலிச் சங்கம் வெளியிட்டுள்ள வகைப்பாட்டில் இந்த நோய்க்கென்று தனி இடம் இருக்கிறது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்து, அல்லது நினைவு திரும்பி, ஏழு நாட்களுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது ஆபரேஷனால் வந்த நிலைத்த தலைவலி என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனை அடுத்துத் தலைவலி வருகிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு அது இப்படி நிலைத்துவிடுகிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நாலில் ஒருவர் என்பது சின்னக் கணக்கல்ல.

ஸ்கேனில் ஒன்றுமில்லை

பெரிய ஆஸ்பத்திரியின் புற நோயாளிப் பிரிவுக்கு விடியற்காலையில் போய்ச் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அங்கே நடப்பது தெரியும். டாக்டருக்கு நேரமில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கட்டி இல்லை. அவருக்குச் சந்தோஷம். "ஸ்கேனில் ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்கிறார்.

இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. ஒன்றுமில்லாததற்கு நீ ஏன் வந்தாய் என்று கேட்டது போல் விழுகிறது. கூட வந்த மைத்துனரும் அப்படியே எடுத்துக் கொள்கிறார். வீட்டுக்கு வந்ததும், "டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், இவர்தான் மனசைப் போட்டு அலட்டிக் கொள்கிறார்" என்று பேச்சு ஆரம்பிக்கிறது. அடுத்த தடவை வலி வந்தால் அவர் சொல்வதில்லை. கதவைச் சாத்திக் கொண்டு படுத்து விடுகிறார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கட்டியை எடுத்த சர்ஜனிடமே திரும்பத் திரும்பப் போகிறார்கள். அறுப்பது அவர் வேலை, அது முடிந்துவிட்டது. நீடித்த தலைவலியைப் பார்ப்பது நரம்பியல் டாக்டர். அதே கட்டிடத்தில் வேறு பிரிவில் அவர் இருப்பார். அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கொண்டு போக வேண்டும். கழுத்து இறுக்கத்துக்குப் பிசியோதெரபி, பிடரி நரம்பைச் சுற்றி மரக்க வைக்கும் ஊசி, ராத்திரியில் குறைந்த அளவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து என்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் எல்லாம் பலிக்காது. ஆனால் பலருக்குப் பாதியாவது குறையும். இதிலும் ஒரு கூத்து நடக்கிறது. அமிட்ரிப்டிலின் சீட்டை மருந்துக் கடையில் நீட்டினால், "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாயிற்றே" என்று கடைக்காரர் சொல்லிவிடுகிறார். எனக்குப் பைத்தியமா என்று நோயாளி மருந்தைத் தூக்கி எறிந்து விடுகிறார். அந்த மருந்து நரம்பு வலிக்கும் நெடுநாளாகக் கொடுக்கப்படுகிறது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

தெலுங்கில் எப்படிச் சொல்வது?

ஹங்கேரி நாட்டில் பிரிஜ்யேஷ் கரிந்தி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1936ஆம் வருடம் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு புடாபெஸ்ட் நகரத்துக் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ரயில் புறப்படும் சத்தம் கேட்டது. அங்கே பக்கத்தில் ரயிலே கிடையாது. மறுநாளும் கேட்டது. ரயில்வேக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மௌலாலியில் குடியிருப்பவனுக்கு இது ஒரு நோயா என்பார்கள். ஆனால் கரிந்திக்கு மூளையில் கட்டி இருந்தது. தலைவலியும் மயக்கமும் வந்து, கண் பார்வை மங்கி, கடைசியில் ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்துக்குப் போய் ஒலிவெக்ரோனா என்ற பிரசித்தி பெற்ற சர்ஜனிடம் ஆபரேஷன் செய்து கொண்டார். அவரும் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்தார்கள். சினிமா மட்டும் இல்லை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் புத்தகமாக எழுதி 1937இல் வெளியிட்டார். அடுத்த வருடம், 51ஆம் வயதில், இறந்து போனார்.

அவர் எழுத்தாளர். தலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை இருந்தது. அதுவும் சொந்தப் பாஷையில். செகந்திராபாத்தில் உள்ள தமிழ்த் தொழிலாளிக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. விண் விண்ணென்று தெறிக்கிறது, பாரமாக அழுத்துகிறது, சுரீரென்று குத்துகிறது, பிடரி இழுக்கிறது, மண்டை இடிக்கிறது என்று ஊரில் இருந்தால் அடுக்கிச் சொல்வார். இந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் டாக்டருக்கு ஒவ்வோர் அர்த்தம் உண்டு. சுரீரென்று இழுத்தால் நரம்பைச் சந்தேகிப்பார். பாரம் என்றால் தசை இறுக்கத்தை நினைப்பார். தெறிக்கிறது, வாந்தி வருகிறது, வெளிச்சம் ஆகவில்லை என்றால் ஒற்றைத் தலைவலி ரகமோ என்று பார்ப்பார். ஆனால் இங்கே டாக்டரிடம் தெலுங்கிலோ இந்தியிலோ பேச வேண்டும். தலநொப்பி என்ற ஒரு சொல் வருகிறது. அதற்கு மேல் வருவதில்லை. அவசரத்தில் தமிழையே கொட்டினால் இன்னும் குழப்பம். தெலுங்கில் மண்ட என்றால் எரிச்சல். தலையைத் தொட்டுக் காட்டி மண்டை, மண்டை என்று ஒருவர் சொன்னால், எரிகிறதாம் என்று அங்குள்ள நர்ஸ் எழுதிக் கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இருபது வருடம் இங்கே குடியிருந்து கடைத் தெருவிலும் ஆபீசிலும் சரளமாகத் தெலுங்கு பேசுகிறவர்களும் நோவு என்று வந்தால் தமிழுக்குத் திரும்பி விடுகிறார்கள். அது இயற்கை. ஆகவே போவதற்கு முன்பே எழுதி வைத்துக் கொள்வதுதான் உபாயம். எந்தப் பக்கம் வலிக்கிறது, காலையிலா மாலையிலா, எத்தனை மணி நேரம், குனிந்தால் கூடுகிறதா, அன்று என்ன மாத்திரை எத்தனை போட்டது என்று ஒரு சின்ன நோட்டில் நாள்தோறும் குறித்து வந்தால், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கும் பிள்ளையை விட்டு அதை மாற்றி எழுதிக் கொள்ளலாம். இரண்டு நிமிஷம் மட்டும் கொடுக்க முடிகிற டாக்டருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி. இந்த நோட்டு இன்னொரு விதத்திலும் பயன்படும், அது பின்னால்.

மாத்திரைக் கணக்கு

வலியோடு வேலைக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்? காலையில் ஒரு மாத்திரை. டவுண்டரில் கூட்டம் அதிகமாக இருந்தால் மத்தியானம் ஒன்று. சாயங்காலம் இரானி ஓட்டலில் சூடாக ஒரு டீ, அதோடு இன்னொன்று. மருந்துக் கடையில் சீட்டே கேட்பதில்லை. நெற்றியில் தைலம், சுக்குப் பற்று என்பதெல்லாம் தொல்லையில்லாத சமாசாரம். ஆறுதல் கிடைத்தால் செய்து கொள்ளலாம், ஆபரேஷன் தழும்பின் மேல் மட்டும் தடவக் கூடாது. ஆபத்து மாத்திரையில்தான் இருக்கிறது.

வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் உண்மை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காபிச் சத்து முதலியவை சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகி விடலாம். மாத்திரையின் வேகம் இறங்கும்போது வலி வருகிறது. அதற்கு இன்னொரு மாத்திரை. ஏற்கனவே தலைவலிக் குணம் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் பிடிக்கிறது. ஆபரேஷன் வலி எது, மாத்திரை வலி எது என்று பிரித்துச் சொல்ல டாக்டராலேயே முடியாமல் போகும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் தனி. டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினால் முதல் சில நாட்கள் வலி கூடும். பிறகு பலருக்குக் குறைகிறது. அந்தச் சில நாட்களைத் தாண்ட லீவு வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஒரு எச்சரிக்கை. நிறுத்தலாம் என்று சொன்னது வலி மாத்திரையை மட்டும்தான். வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த மருந்தையோ, வீக்கம் வற்றக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தையோ தானாக நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். அதேபோல் எல்லாத் தலைவலியும் பழைய தலைவலி என்று இருந்து விடவும் கூடாது. நாளுக்கு நாள் கூடிக் கொண்டே போகும் வலி, விடியற்காலையில் வாந்தியோடு வரும் வலி, காய்ச்சலும் கழுத்துப் பிடிப்பும், புதிதாக வலிப்பு, பார்வை இரண்டாகத் தெரிவது, தூங்கி வழிவது, மூக்கிலோ காதிலோ தையல் போட்ட இடத்திலோ தண்ணீர் போல் கசிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லீவு கிடைக்குமா என்று யோசித்துக் கொண்டிருக்கக் கூடாது. மற்றபடி, தலைவலி வந்தாலே கட்டி திரும்பி விட்டது என்று அர்த்தமில்லை. இந்தப் பயத்தில் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் வலி கூடியவர்களும் இருக்கிறார்கள்.

லீவும் சம்பளமும்

"என்ன சார், இன்னுமா தலைவலி?" ஆபீசில் இந்தக் கேள்வி முதல் மாதம் அன்போடு வருகிறது. ஆறாவது மாதம் வேறு தொனியில் வருகிறது. மேலதிகாரிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தலைவலி கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்லி லீவு போட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். காது போனால் அளப்பதற்குக் கருவி இருக்கிறது. கண்ணுக்கு எழுத்துப் பலகை இருக்கிறது. தலைவலிக்கு அளவுகோல் இல்லை. பொய் சொல்பவன் ஒருவனால் நிஜமாகவே படுகிறவன் சந்தேகத்துக்கு ஆளாகிறான்.

சட்டமும் அளக்க முடிந்ததைத்தான் பார்க்கிறது. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று 1995ஆம் வருடச் சட்டத்தில் இருந்தது; 2016ஆம் வருடத்துச் சட்டமும் அதையே சொல்கிறது. ரயில்வேயில் மருத்துவத் தகுதி குறைந்தவர்களை மாற்று வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு வெகு காலமாக உள்ளது. ஆபரேஷனில் கை கால் பலம் குறைந்தவருக்கும் காது கேளாமல் போனவருக்கும் இது கை கொடுக்கும். தலைவலி மட்டும் மிஞ்சியவர் இந்தச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் தம் நோயைத் தேடினால் காண மாட்டார். ரயில்வே ஊழியருக்கு வருடத்துக்கு 20 நாள் அரைச் சம்பள லீவு சேருகிறது. மாதம் ஆறு நாள் தலை தூக்க முடியாதவருக்கு அது எத்தனை மாதம் வரும்?

தொழிற்சாலைகளில் இருப்பவர்களில் ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி என்பது எல்லோரும் அறிந்தது. நீண்ட நாள் நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வரும் நோய்க்கு 80 சதவிகிதம் வீதத்தில் இரண்டு வருடம் வரை கிடைக்கும். மண்டைக்குள் இடத்தை அடைத்து வளரும் கட்டி அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாச்சாரம், சனத்நகர், ஜீடிமெட்லா பக்கம் வேலை செய்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கட்டியை எடுத்து முடித்த பிறகு மிஞ்சும் தலைவலிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது சர்டிபிகேட் எழுதும் டாக்டர் கையில் இருக்கிறது. பழைய நோயின் தொடர்ச்சி என்று அவர் தெளிவாக எழுதினால் ஒரு மாதிரி, வெறுமனே தலைவலி என்று எழுதினால் வேறு மாதிரி. பேனாவைக் கொஞ்சம் தாராளமாக ஓட்டும்படி டாக்டர்களைக் கேட்டுக் கொள்வதில் தவறில்லை.

தெலங்கானா சர்க்காரின் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் 2023 டிசம்பரில் உச்சவரம்பு 10 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. இங்கே ரேஷன் கார்டு உள்ளவர்களுக்குத்தான் அதனால் பிரயோஜனம். கார்டை ஊரிலேயே வைத்துக் கொண்டு இங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார்கள். ஆபரேஷன் செலவுக்கு எப்படியோ வழி பண்ணி விடுகிறார்கள். அதன் பிறகு மாதாமாதம் மருந்துக்குத்தான் திண்டாட்டம்.

கேட்பது பெரிய காரியமல்ல. முகத்தில் வெளிச்சம் அடிக்காத ஓர் இடம். கழுத்தைக் குனிந்தே இருக்க வேண்டாத வேலை. ராத்திரி டூட்டியிலிருந்து சில மாத விலக்கு. வலி மிஞ்சும்போது அரை மணி நேரம் படுக்க ஒரு மூலை. ஒரு நாள் விட்டுப் போன வேலையை மறுநாள் முடிக்க அனுமதி. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். பிரிவுத் தலைவர் மனசு வைத்தால் போதும். அவர் மனசு வைப்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால், மேலே சொன்ன நோட்டு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு, நரம்பியல் டாக்டரின் கடிதம், தேதிவாரியாக எழுதிய நோட்டு, மூன்றையும் சேர்த்து மனுவோடு கொடுத்தால், பொய்க்காரன் என்று தள்ளிவிடுவது அத்தனை சுலபமல்ல. யூனியன்காரர்கள் போனஸுக்குக் கொடி பிடிப்பதோடு இப்படிப்பட்ட மனுக்களையும் கையிலெடுத்துக் கொண்டு போனால் நல்லது. மாதம் ஒரு கேஸ் கூட வராது; வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் எல்லாம்.

லீவு என்ற பேச்சே இல்லாத ஒரு கூட்டம் உண்டு, வீட்டுப் பெண்கள். மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆபரேஷனாகி வந்த அம்மாளுக்கு ஒரு மாதம் ஊரிலிருந்து தாயாரோ நாத்தனாரோ வந்து சமைத்துப் போடுகிறார்கள். அவர்கள் ரயிலேறிப் போன மறுநாள் தண்ணீர்க் குடம், குக்கர் சத்தம், குனிந்து பெருக்குவது எல்லாம் அவள் தலையில். அவள் யாரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் கொடுப்பது? ஆபீசில் மேலதிகாரி நம்பவில்லை என்று வருத்தப்படுகிற குமாஸ்தாவும் வீட்டில், "உனக்கு எப்போது பார்த்தாலும் தலைவலிதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்பி விடுகிறார். அடிக்கிற வெயிலில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் வேலையை அவரோ பிள்ளைகளோ எடுத்துக் கொண்டால் பாதி வலி குறையும். ஹெல்மெட் தழும்பின் மேல் அழுத்துகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போவதுதான் சரி.

தமிழ்ச் சங்கங்கள் செய்யக் கூடிய ஒரு காரியம் இருக்கிறது. வருடா வருடம் பொங்கலுக்கு மலர் போடுகிறார்கள். அதில் தலைவர் வாழ்த்து, செயலாளர் வாழ்த்து, பொருளாளர் வாழ்த்து என்று மூன்று பக்கம் போகிறது. ஒரு வாழ்த்தைக் குறைத்துக் கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்படியான ஒரு பக்கம் போடலாம்: இடது பக்கம் தமிழில் குத்துகிறது, தெறிக்கிறது, பாரமாக இருக்கிறது, பிடரி இழுக்கிறது, குனிந்தால் கூடுகிறது, எதிரே அதே வரிகள் தெலுங்கில், கீழே தேதி போட்டு நிரப்ப முப்பது கட்டம். வார்த்தைகளைச் சரி பார்க்கத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு டாக்டரைப் பத்மாராவ் நகர் பக்கம் விசாரித்தாலே கிடைத்து விடுவார். அச்சுச் செலவுக்கு ஒரு ஜவுளிக் கடை விளம்பரம் போதும்.